ஒன்றும் நடக்காத இரவுகள்

ரயில்வேயில் கீமேன் என்று ஒரு வேலை உண்டு. இந்திக்காரர்கள் சாபிவாலா என்பார்கள். தண்டவாளத்தை ஸ்லீப்பர் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் சாவிகளைக் கவனிப்பவர் என்பதால் அந்தப் பெயர். இப்போது சாவிகள் போய் வளைந்த எஃகுக் கிளிப்புகள் வந்துவிட்டன, கட்டைகளும் கான்கிரீட் ஆகிவிட்டன, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. தோளில் ஸ்பானர், கையில் சுத்தியல், பையில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும். தன் பொறுப்பில் உள்ள ஐந்தாறு கிலோமீட்டரையும் தினமும் நடந்து பார்ப்பார். தளர்ந்த போல்ட்டை முடுக்குவார், நழுவிய கிளிப்பை அடித்து உள்ளே தள்ளுவார். வெயிலானாலும் ஜூலை மாத மழையானாலும் நடை நிற்காது.

அவர் தம் வேலையைச் சரியாகச் செய்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. 8.12 லோக்கல் 8.12-க்கு வரும், நாம் முண்டியடித்து ஏறி ஆபீசுக்குப் போவோம். டிப்ளமோ முடித்துவிட்டு வந்து, பாதைப் பராமரிப்புப் பிரிவில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். எங்கள் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் அதிகபட்சப் பாராட்டு, அவரைப் பற்றி யாரும் பேசாமல் இருப்பதுதான்.

நம் மலர் ஆசிரியர் ரயில்வே அனுபவங்களை எழுதச் சொன்னார். எழுதத்தான் போகிறேன். ஆனால் இந்தத் தடவை வண்டி கொஞ்சம் சுற்றுவழியில் போகும். நர்ஸுகள் வருவார்கள், அமெரிக்க மலைநாட்டுச் சங்கீதம் ஒன்று வரும், தேசப்பட விநோதங்கள் சிலவும் வரும். அன்பர்கள் பயப்பட வேண்டாம், எல்லாம் ஒரே தண்டவாளம்தான்.

2022-ஆம் வருஷ ஆரம்பத்தில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலை நேரத்தில் போயின. முப்பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமே இல்லை. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் வந்து பார்ப்பார்கள். மீதி நேரமெல்லாம் நர்ஸுகளும், மும்பை வழக்கப்படி நாம் மௌஸி என்று கூப்பிடும் ஆயாக்களும்தான்.

இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். இரவு பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. அசைய முடியாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் அங்கே ரத்தம் ஓடாது. தோல் முதலில் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு புண்ணாகும். அந்தப் புண் எலும்பு வரைக்கும் போகும். பக்கவாதத்தில் பிழைத்தவர்கள் படுக்கைப்புண்ணில் போன கதைகள் எல்லோர் குடும்பத்திலும் ஒன்றிரண்டு இருக்கும். என் மனைவிக்கு அந்தப் புண் வரவில்லை. வராமல் போனதற்கு ஆன கைவேலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம் என்றால் முப்பத்தொன்பது நாளைக்கு நானூற்று அறுபத்தெட்டு தரம். டிஸ்சார்ஜ் காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. வராத நோயை யார் எழுதுவார்கள்?

இன்னொன்று சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள் எங்கள் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் பார்க்க வந்தார். பிளாஸ்கில் டிகிரி காபி. 'பாவம், நாக்கு செத்துப் போயிருக்கும், ரெண்டு ஸ்பூன் கொடுப்போம்' என்று டம்ளரை எடுத்தார். டூட்டியில் இருந்த சிஸ்டருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஓடி வந்து டம்ளரின் மேல் கையை வைத்து மூடிவிட்டாள். 'தொண்டை இன்னும் வேலை செய்யல தாத்தா. குடிச்சா வயித்துக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும்' என்றாள். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. வராந்தாவில் வந்து, 'ஒரு நர்ஸ் பொண்ணு நமக்குப் புத்தி சொல்றதா?' என்று என்னிடம் சத்தம் போட்டார். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் தசைகளும் சேர்ந்து படுத்துவிடும். அந்த நிலையில் வாய்வழியே கொடுக்கும் ஒரு வாய் காபி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்து சார்ட்டைப் புரட்டி, 'ஒன்றும் விசேஷம் இல்லை, நல்லது' என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த விசேஷம் இல்லாமையைச் சம்பாதித்துக் கொடுத்தவள் டூட்டி முடிந்து விரார் லோக்கலில் நின்றுகொண்டே தூங்கிப் போயிருப்பாள்.

மும்பைவாசிகளான நமக்கு இந்த விஷயத்தில் ஒரு பெரிய சாட்சியம் பரேலிலேயே இருக்கிறது. கே.இ.எம். ஆஸ்பத்திரியின் அருணா ஷான்பாகை நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கர்நாடகத்து ஹல்திப்பூரிலிருந்து வந்து அங்கே நர்ஸாக இருந்தவர். 1973 நவம்பர் 27-ஆம் தேதி, அதே ஆஸ்பத்திரியின் துப்புரவு ஊழியன் ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். நாய்ச் சங்கிலியால் கழுத்து இறுக்கப்பட்டதில் மூளைக்கு ரத்தம் போகாமல், மீளாத நிலைக்குப் போய்விட்டார். 2015 மே 18-ஆம் தேதி நிமோனியாவில் காலமாகும் வரை, கிட்டத்தட்ட நாற்பத்திரண்டு வருஷம், அங்குள்ள நர்ஸுகள்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அவரோடு வேலை செய்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். அவரைப் படுக்கையில் மட்டுமே பார்த்த பெண்கள் வந்தார்கள், அவர்களும் ஓய்வுபெற்றார்கள், அடுத்த தலைமுறை வந்தது. குளிப்பாட்டினார்கள், மசித்த சாப்பாட்டை ஊட்டினார்கள், திருப்பிப் படுக்க வைத்தார்கள்.

அவருக்கு விடுதலை கொடுத்துவிடலாம் என்று கேட்டு வந்த மனுவை 2011 மார்ச் 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பால்தான், மீள வழியில்லாத நோயாளிகளுக்கு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவது பற்றி நம் நாட்டில் சட்ட வழிமுறை பிறந்தது. வழக்கறிஞர்கள் அதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். பாதைப் பராமரிப்புக்காரனான எனக்கு அதில் பட்டது வேறு. அத்தனை வருஷப் படுக்கையில் அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண் இல்லை என்பதை நீதிபதிகள் குறிப்பிட்டு, நர்ஸுகளைப் பாராட்டியிருந்தார்கள். ஒன்றும் நடக்காததை ஒரு கோர்ட் பதிவு செய்திருக்கிறது! ரயில்வேயில் எனக்குத் தெரிந்து அப்படி ஒரு பதிவு கிடையாது. அந்த மனுவைப் போட்ட எழுத்தாளர் பக்கமும் நியாயம் உண்டு, அவர் கேட்டதும் இரக்கத்தினால்தான். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை.

என் மனைவியின் வார்டுக்கு வருகிறேன். இரவில் தூக்கம் வராத எனக்குத் தேசப்படம்தான் துணை. சின்ன வயதிலிருந்து உள்ள பைத்தியம் அது. மடிக்கும் படங்கள் இரண்டு மூன்று பையில் இருக்கும். 'அங்கிள், எங்க ஊர் இதுல இருக்கா?' என்று ஒரு சிஸ்டர் கேட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொருத்தரும் தம் ஊரைத் தேடினார்கள்.

மலையாளம் பேசிய ஒரு பெண்ணைக் கேரளா என்று நினைத்திருந்தேன். 'இல்லை, நான் புதுச்சேரி' என்றாள். மாஹியாம்! சுற்றிலும் கேரளம், ஒரு பக்கம் கடல், சுமார் ஒன்பது சதுர கிலோமீட்டர் நிலம். பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனதிலிருந்து அது புதுச்சேரியோடு சேர்ந்தது. காரைக்கால் நம் தஞ்சைக் கரையில், யானம் ஆந்திரத்தில், மாஹி மலபாரில். ஒரே சர்க்கார், இரண்டு கடல், மூன்று மாநிலத்துச் சம்பந்திகள். இதில் ரயில்வேக்காரனுக்கு ஒரு கூடுதல் வேடிக்கை உண்டு. மாஹி ரயில் நிலையம் மாஹியில் இல்லை. அது பக்கத்திலுள்ள அழியூரில், கேரளத்தில் இருக்கிறது. 'லீவுக்குப் போனா கேரளாவில இறங்கித்தான் புதுச்சேரிக்கு நடக்கணும்' என்று சிரித்தாள் அந்தப் பெண்.

இன்னொருத்தி நந்துர்பார் பக்கத்து ஆதிவாசிக் கிராமம். அவளுடைய ஸ்டேஷன் நவாப்பூர். சூரத்–புசாவல் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். 1960 மே முதல் தேதி பழைய பம்பாய் மாகாணத்தைப் பிரித்தபோது எல்லைக்கோடு அந்த ஸ்டேஷனின் ஊடே போய்விட்டது. பிளாட்பாரத்தின் ஒரு பகுதி மகாராஷ்டிரம், மறு பகுதி குஜராத். நடுவில் ஒரு பெஞ்சு, அதில் உட்கார்ந்தால் இரண்டு மாநிலத்திலும் உட்கார்ந்தவர் ஆவீர்கள்.

இப்படிப்பட்ட விநோதங்களில் எல்லாவற்றுக்கும் மூத்தது கூச்பிஹார். இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள், வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள். அதிலும் தஹாலா காக்ராபாரி என்று ஓர் இடம், வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டுக்குள் இருந்த வங்கதேசத் துண்டுக்குள் இருந்த இந்தியத் துண்டு. மூச்சு வாங்குகிறதல்லவா? உலகத்தில் வேறெங்கும் அப்படி இருந்ததில்லை. நானும் பல வருஷம் இதை விருந்தாளிகளுக்குக் காட்டி வேடிக்கை பண்ணியிருக்கிறேன். வேடிக்கை நமக்குத்தான். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரி கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப் போனால் ஆஸ்பத்திரியில் பொய் முகவரி, சில வேளை பொய்யான புருஷன் பெயர் கூடக் கொடுக்க வேண்டியிருந்தது. 2015 ஜூலை 31 நள்ளிரவில் இரண்டு நாடுகளும் துண்டுகளை மாற்றிக்கொண்டு கணக்கை முடித்தன. எனக்கு ஒரு விநோதம் குறைந்தது. அங்கே பிறக்கும் குழந்தைகள் சொந்தப் பெயரிலேயே ஆஸ்பத்திரியில் பிறக்கலாம்.

நம் மாட்டுங்காவின் படமும் ஒருவகையில் ஆஸ்பத்திரிப் படம்தான். 1896 செப்டம்பரில் மாண்ட்வியில் பிளேக் நோய் கண்டது. அது நகரத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, காற்றும் வெளிச்சமும் இல்லாத சந்துகள்தான் காரணம் என்று முடிவு கட்டி, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தார்கள். அந்த டிரஸ்ட் போட்ட தாதர்–மாட்டுங்கா திட்டத்தில்தான் நாம் இன்று நடக்கும் அகலத் தெருக்கள், மரங்கள், ஐந்து தோட்டங்கள் எல்லாம் வந்தன. தென்னிந்தியர்கள் பின்னால் வந்து அங்கே குடியேறி, கோயிலும் கடையும் பள்ளிக்கூடமும் கண்டார்கள். கிங்ஸ் சர்க்கிளில் பூச்சரம் வாங்கிக்கொண்டு நடக்கும்போது, இந்தத் தெருவுக்கு அகலம் கொடுத்தது பிளேக் என்று யாருக்கு நினைவு வரும்? அதே பிளேக்கில் புனேயில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, தானும் தொற்றிக்கொண்டு 1897 மார்ச் 10-ஆம் தேதி உயிர் விட்டவர் சாவித்ரிபாய் புலே. பெண்கல்விக்காக அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் முடிவு ஒரு நர்ஸின் முடிவு.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை எல்லோரும் விளக்கோடு பார்த்திருக்கிறோம். அவர் கையில் விளக்கைவிட அதிக நேரம் இருந்தது கணக்குப் புத்தகம். கிரிமிய யுத்தத்தில் குண்டடியால் செத்த சிப்பாய்களைவிடத் தடுக்கக்கூடிய நோயால் செத்தவர்கள் மிக அதிகம் என்பதை 1858-இல் வட்டப்படமாக வரைந்து மந்திரிகள் முன்னால் வைத்தார். இந்தியாவுக்கு ஒரு தரமும் வராமலே இங்குள்ள ராணுவ முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, சாக்கடையும் குடிதண்ணீரும் எப்படி என்று விசாரித்து எழுதியவர். எத்தனை பேர் சாகாமல் இருந்திருக்கலாம் என்பதுதான் அவருடைய கணக்கு. நான் டிப்ளமோ படித்த காலத்தில் இதை ஒரு வாத்தியாராவது சொல்லியிருந்தால் புள்ளியியல் பாடத்தில் இன்னும் நாலு மார்க் வாங்கியிருப்பேன்.

இனி சங்கீதம். 2019 செப்டம்பர் கடைசியில் நாங்கள் இருவரும் வட கரோலினாவில் மகன் வீட்டில் இருந்தோம். ராலே நகரத்தில் அந்த வாரம் புளூகிராஸ் திருவிழா. தெருவையே அடைத்து மேடை போட்டிருந்தார்கள், அனுமதி இலவசம். இலவசம் என்றால் நாம் போகாமல் இருப்போமா? மாண்டலின், பாஞ்சோ, பிடில், கிடார், ஆளுயர பாஸ் என்று ஐந்து தந்தி வாத்தியங்கள். மேளம் என்று ஒன்று கிடையாது. என் மனைவி சண்முகானந்தா ஹாலில் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கச்சேரி கேட்டு வளர்ந்த காது உடையவர். ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, 'என்னங்க, மிருதங்கம் இல்லாம எப்படிங்க தாளம் நிக்குது?' என்றார்.

நல்ல கேள்வி. கவனித்துப் பார்த்தோம். பாஞ்சோக்காரர் முன்னால் வந்து மைக் அருகே மூன்று விரலால் மழையாகப் பொழிகிறார். அப்போது மாண்டலின்காரர் பின்னால் நகர்ந்து, தந்திகளை விரலால் அமுக்கிக்கொண்டு, பாஸ் தட்டும் தட்டுக்கு இடையில் 'சக்… சக்…' என்று வெட்டிக்கொண்டிருக்கிறார். அதில் ராகம் இல்லை, ஸ்வரம் கூட இல்லை. அந்த வெட்டுதான் மிருதங்கம். பிறகு அவர் முறை வரும்போது முன்னால் வருவார், பாஞ்சோ பின்னால் போகும். இந்த சங்கீதத்தை உருவாக்கியவர் கென்டக்கி மாநிலத்துக்காரரான பில் மன்றோ. 1911-இல் பிறந்து 1996 வரை இருந்தவர். புளூகிராஸ் என்பது அவருடைய மாநிலத்தின் செல்லப்பெயர், அதைத் தம் குழுவுக்கு வைத்தார். பிறகு அந்த பாணிக்கே அது பெயர் ஆயிற்று. 1945 கடைசியில் அவர் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற வட கரோலினா இளைஞர்தான் அந்த மூன்று விரல் பாஞ்சோவைப் பிரபலப்படுத்தியவர். குழுவின் தலைவரான மன்றோவே, மற்றவர் வாசிக்கும்போது பின்னால் நின்று வெட்டிக்கொண்டிருப்பார். நம் சபாக்களில் பக்கவாத்தியக்காரர் பெயரைச் சின்ன எழுத்தில் போடும் வழக்கத்தை நினைத்துக்கொண்டேன்.

ரயிலைப் பற்றி அவர்களிடம் ஏராளமான பாட்டு உண்டு. ஆரஞ்சு பிளாசம் ஸ்பெஷல் என்று நியூயார்க்கிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு ஓடிய வண்டியின் பெயரில் ரூஸ் சகோதரர்கள் 1930-களின் கடைசியில் செய்த பிடில் உருப்படி ஒன்று. ஊதலும் சக்கரமும் பிடிலிலேயே கேட்கும். கடைசியில் எடுக்கும் வேகத்துக்கு நானாக இருந்தால் காஷன் ஆர்டர் கொடுத்திருப்பேன். நம் பக்கத்து வாசனையும் இதில் உண்டு. ஜெய்ப்பூர் விஸ்வமோகன் பட்டின் மோகன வீணையும் புளூகிராஸ்காரர் ஜெர்ரி டக்ளஸின் வாத்தியமும் சேர்ந்த 'பூர்பன் அண்ட் ரோஸ்வாட்டர்' 1995-இல் வெளிவந்தது. அதைப் பதிவு செய்து வெளியிட்டவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். கேட்டுப் பாருங்கள், ஏமாற மாட்டீர்கள்.

வார்டில் இரவுகளில் இந்தப் பாட்டுகளை மகன் போனில் ஏற்றி அனுப்பினான். ஒரு காதுக்குழல் அவருக்கு, ஒன்று எனக்கு. பேச்சு வராத மனைவி இடது கை விரலால் மெத்தையில் அந்த 'சக்' வெட்டைத் தட்டுவார். பழைய காலத்தில் தண்டவாளங்களைத் துண்டு துண்டாக இணைத்திருந்தபோது ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் போடும் சத்தம் எனக்கு அதில் கேட்கும். இப்போது நீளமாகப் பற்றவைத்துவிட்டார்கள், அந்தச் சத்தம் போய்விட்டது.

பதினாறாம் நாள் இரவு நான் நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டேன். காலையில் சார்ட்டில் ஒரு வரி இருந்தது. இரவு 2.40, பாட்டோடு சேர்ந்து வலது கை ஆள்காட்டி விரல் அசைந்தது என்று. திருப்பிப் படுக்க வைக்கக் கொஞ்சம் தாமதமாக வந்த நைட் சிஸ்டர், போர்வையின் மேல் அந்த விரலைப் பார்த்திருக்கிறாள். உடனே என்னை எழுப்பவில்லை. மூன்று தரம் அசைவதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, எழுதிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அன்று காலைதான் பிசியோதெரபிக்காரர் அந்தக் கைக்கு வேறு பயிற்சி ஆரம்பித்தார். இன்று என் மனைவி செம்பூர் வீட்டில் நாலு கால் கோலைப் பிடித்துக்கொண்டு பால்கனி வரைக்கும் நடக்கிறார், அரை வார்த்தையில் என்னைத் திட்டுகிறார், முழுதாகப் புரிகிறது.

அந்த நைட் சிஸ்டர் நம் தமிழ்ப் பெண். தாராவியில் பிறந்தவள், பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆரம்பப் படிப்பு, பிறகு நர்ஸிங்கில் மூன்று வருஷ டிப்ளமோ. நானும் டிப்ளமோ என்றதும் எங்களுக்குள் ஓர் ஒட்டுறவு வந்துவிட்டது. டிகிரிக்காரர்கள் மத்தியில் டிப்ளமோக்காரன் எப்படிப் பிழைப்பது என்று இருவரும் குறிப்புகள் பரிமாறிக்கொண்டோம்.

2020 ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இரண்டு இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் லட்சக்கணக்கான ஜனங்கள் நெருங்கி வாழும் இடம். அழிந்தே போகும் என்று பத்திரிகைகள் ஜோசியம் சொன்னதும், ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியை உதாரணம் காட்டியதும் நாம் அறிந்ததே. வீடு வீடாகப் போனவர்கள், பாதுகாப்பு உடைக்குள் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்றவர்கள் இந்த மாதிரிப் பெண்கள்தான். மார்ச் 22-ஆம் தேதி மாலை நாம் பால்கனியில் நின்று கை தட்டினோம், தட்டைத் தட்டினோம். அதற்குச் சில நாளிலேயே நாட்டின் பல ஊர்களில் நர்ஸுகளை வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்குவோருக்குத் தண்டனையைக் கடுமையாக்கி ஏப்ரல் 22-ஆம் தேதி அவசரச் சட்டமே போட வேண்டியிருந்தது. கைத்தட்டல் கேட்ட காதும் கதவு சாத்திய சத்தம் கேட்ட காதும் ஒன்றேதான்.

நம் வீடுகளைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். சிலருக்குக் கசக்கலாம். நம் சங்க ஆண்டு விழாவில் டாக்டர்களுக்குப் பொன்னாடை போடுகிறோம், பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய குழந்தைக்குக் கோப்பை, அரங்கேற்றம் செய்த பெண்ணுக்குக் கேடயம். வேண்டியதுதான். நர்ஸுக்கு ஒரு மாலை போட்டதாக எனக்கு நினைவில்லை. பெண்ணை டாக்டருக்குப் படிக்க வைக்கக் கடன் வாங்குவோம், நர்ஸிங் என்றால் 'அதெல்லாம் கேரளாக்காரங்க படிப்பு' என்போம். ராத்திரி டூட்டி, அந்நியர் உடம்பைத் தொடுவது, மலம் மூத்திரம் என்று காரணங்கள் வரும். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் நர்ஸுகளுக்குப் பயிற்சி தொடங்கி, 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. நம் தமிழ் மண்ணில்தான் இதெல்லாம் நடந்தது. அப்படியும் மனசு மாறவில்லை.

அந்தத் தாராவிப் பெண்ணுக்கு அந்த வருஷம் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார், நைட் டூட்டியை விட்டுவிட வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். 'நைட் டூட்டி இல்லாத நர்ஸும், மழைக்காலத்துல வேலைக்கு வராத உங்க கேங்மேனும் ஒண்ணுதானே அங்கிள்?' என்று என்னைக் கேட்டாள். வரன் போயிற்று. அவள் அதைச் சொன்னது மனைவியின் தலையை உயர்த்தி வைத்துக் குழாய் வழியே கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது. சொல்லிக்கொண்டே அளவைச் சரியாகக் குறித்துக்கொண்டாள்.

2008 நவம்பர் 26-ஆம் தேதி இரவு, காமா ஆஸ்பத்திரிக்குள் பயங்கரவாதிகள் புகுந்தபோது, இருபது கர்ப்பிணிப் பெண்களை ஓர் அறைக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றியவர் அஞ்சலி குல்தே என்ற நர்ஸ். பின்னால் கசாபுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை அவர் பேச்சைக் கேட்டது. அப்படி ஒரு பெரிய ராத்திரி எல்லா நர்ஸுக்கும் வர வேண்டாம், வரவும் கூடாது. சாதாரண ராத்திரிகளுக்கு நாம் ஏதாவது செய்யலாமே என்பதுதான் என் கட்சி.

ஆகவே சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். மே 12-ஆம் தேதி உலக நர்ஸுகள் தினம், நைட்டிங்கேல் அம்மையாரின் பிறந்த நாள். வரும் ஆண்டு விழாவில், மும்பை ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் நம் தமிழ் நர்ஸுகளை மேடைக்குக் கூப்பிட வேண்டும். முன்வரிசையில் அவர்களுடைய அம்மா அப்பாவை உட்கார வைக்க வேண்டும். நிகழ்ச்சி ஞாயிறு மாலை என்றால் பாதிப் பேருக்கு டூட்டி இருக்கும், ஆகையால் நேரத்தை அவர்களைக் கேட்டு வைக்க வேண்டும். நர்ஸிங் படிக்க வரும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், வருஷா வருஷம் கட்டணத்தில் ஒரு பங்கைச் சங்கம் கொடுக்கலாம். முதல் வருஷத் தொகையில் ஒரு பகுதியை என் பென்ஷனிலிருந்து தருகிறேன், மனைவியும் சம்மதித்துவிட்டார். இடது கையால் கையெழுத்துப் போடப் பழகியிருக்கிறார், காசோலைக்கு அது போதுமா என்று பாங்கில் கேட்க வேண்டும்.

தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்ட் ஆகிய இடங்களிலிருந்து பெயர்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை இருபத்து மூன்று பேர். உங்கள் கட்டிடத்தில், உங்கள் சந்தில் யாராவது இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு மேல் போய்க் கதவைத் தட்ட வேண்டாம், நைட் டூட்டி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள்.